பசியை எடுக்கும் மோதிரம் வேறு எதையெல்லாம் எடுக்கிறது?

2024 மார்ச் 16, ஒரு வாசகரின் கேள்வி

"நாங்கள் நாலு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எண்ட மேசைக்கதை விளையாட்டை மூன்றரைப் பதிப்பில விளையாடுறம். கதையை நடத்துற டிஎம், கதையில வாற ஊர்க்கடை ஒண்டில ரிங் ஒஃப் சஸ்டெனன்ஸ் எண்ட மந்திர மோதிரம் வைச்சார், நான் விளையாடுற கேரக்டரான மந்திரவாதி வாங்கிப் போட்டிட்டான். இனி அவனுக்குச் சாப்பாடும் தண்ணியும் தேவையில்லை. ரேஷன் கணக்கு எழுதுறது எனக்கு எப்பவும் எரிச்சல், அதால எனக்குச் சந்தோசம்தான். ஆனா இரண்டு கிழமையா டிஎம் முகத்தைச் சுழிக்கிறார். 'இது உன்ர கேரக்டரைக் கெடுக்குது' எண்டுறார். சாப்பாட்டை எழுதாமல் விட்டால் ஒரு கேரக்டர் எப்பிடிக் கெடும்?"

மார்ச் 17, ஞாயிறு

கெடும். என் மேசையிலேயே கெட்டது.

முதலில் மோதிரத்தின் விதி. அதை ஒரு முழுக்கிழமை கழற்றாமல் போட்டிருந்தால்தான் வேலை செய்யத் தொடங்கும். அதன்பிறகு உடலுக்கு வேண்டிய ஊட்டம் மோதிரத்திலிருந்தே வரும். நித்திரையும் 2 மணித்தியாலம் போதும், 8 மணித்தியாலம் படுத்த பலன் கிடைக்கும். கழற்றினால் திரும்பவும் ஒரு கிழமை போட்டிருக்க வேண்டும். விலை 2,500 பொற்காசு.

அதே பதிப்பில் ஒரு நாள் ரேஷன் அரைப் பொற்காசு. அப்படியென்றால் மோதிரத்தின் விலைக்கு 5,000 நாள் சாப்பாடு வாங்கலாம், 13 வருடத்துக்கும் மேல். எந்தக் கேரக்டரும் அவ்வளவு காலம் விளையாட்டில் இருப்பதில்லை. சாப்பாட்டுச் செலவை மிச்சம் பிடிக்க இதை யாரும் வாங்குவதில்லை. நித்திரைக்காக வாங்குகிறார்கள், இல்லாவிட்டால் உங்களைப் போல எழுதுகிற எரிச்சலுக்காக வாங்குகிறார்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டில் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு விளையாடுகிறோம். என்னோடு சேர்த்து ஆறு பேர், டிஎம் நான். சில வருடங்களுக்கு முன் எங்களில் அதிகம் கதைக்கிற தம்பி ஒரு குள்ள வீரனை விளையாடினான். விடுதியில் சண்டை பிடிப்பான், ஆட்டிறைச்சியில் உப்புக் காணாது என்பான், சமையல்காரியின் மகனுக்குக் கத்தி பிடிக்கப் பழக்குவான். அவனுக்கு மோதிரம் கிடைத்தது. அடுத்த இரவு மற்றவர்கள் தீ மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்தபோது அவன் சொன்னது: "நான் சாப்பிடேல்லைத்தானே, காவலுக்குப் போறன்." நியாயமான முடிவு, யாரும் குறை சொல்ல முடியாது. அதற்கடுத்த இரவும் அதையே சொன்னான். விடுதிக்கு வந்தால், "நான் வெளியில குதிரையளோட நிக்கிறன்."

இரண்டு மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள் எங்கள் மதகுருவின் தங்கை கடத்தப்பட்டாள். "உனக்குத் தங்கச்சி இருக்கோ?" என்று குள்ளன் கேட்டான். மேசையே அமைதியாகிவிட்டது. அந்தத் தங்கையைப் பற்றி மதகுரு ஆறு தரமாவது கதைத்திருந்தாள், எல்லாம் சாப்பாட்டு நேரத்தில். அந்த ஆறு தரமும் குள்ளன் இருட்டில் காவல் நின்றான்.

உங்கள் டிஎம் சுழிப்பது இதற்காக இருக்கலாம். ரேஷன் கணக்கை யாரும் தேடுவதில்லை. ஆனால் அந்தக் கணக்கின் சாட்டில்தான் எல்லோரும் ஒரு நாளைக்கு ஒரு தரமாவது ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள்.

மார்ச் 17, இரவு

நீங்கள் விளையாடுவது மந்திரவாதி என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். 2 மணித்தியால நித்திரைக்குப் பிறகு மந்திரங்களை ஆயத்தப்படுத்தலாம். அதற்காக ஒரே நாளில் இரண்டு தரம் ஆயத்தப்படுத்த முடியாது. உங்கள் டிஎம்முக்கு அந்தப் பயமும் இருந்தால் இந்த வரியைக் காட்டுங்கள்.

மார்ச் 20

ஐந்தாம் பதிப்பில் இந்த மோதிரமே இல்லையே, பிறகேன் இவ்வளவு கதை என்று ஒருவர் கேட்கிறார். 2014இல் வந்த கையேட்டில் மோதிரம் இல்லை, உண்மைதான். அதே வேலையைச் செய்ய ஐயோன் கல் ஒன்று இருக்கிறது. தலையைச் சுற்றிப் பறந்துகொண்டிருக்கும், பறக்கும்வரை சாப்பாடு தண்ணீர் தேவையில்லை. ஆனால் ஒரு கேரக்டர் தன்னோடு பிணைத்து வைத்திருக்கக்கூடிய பொருட்கள் மூன்றுதான், அதில் ஓரிடத்தை இது பிடித்துக்கொள்ளும். வாளா, கவசமா, பசியின்மையா என்று யோசிக்க வேண்டிவரும். அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் சாப்பாட்டை இல்லாமலாக்குவது பொருள் அல்ல, குட்பெரி. முதலாம் நிலை மந்திரம், பத்துப் பழம், பழம் ஒன்று ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. ஐந்து பேர் கொண்ட குழு தின்றபிறகும் ஐந்து மிஞ்சும். அதோடு அவுட்லாண்டர் என்ற, காட்டில் வளர்ந்த பின்னணியோடு ஒருவர் வந்துவிட்டால், நிலத்தில் ஏதாவது விளைகிற இடமென்றால் போதும், தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் சாப்பாடு தேடிக்கொள்வார். காட்டுப்பயணம் நடத்த ஆசைப்படும் டிஎம் இந்த இரண்டையும் முதல் நாளே கதைத்துக்கொள்வது நல்லது.

அதே 2014 விதிகளில் இருந்த பட்டினி விதியையும் எழுதிவிடுகிறேன். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் சாப்பாடு. எங்களூர்ப் பாண் ஒரு இறாத்தல்தான், 450 கிராம், ஆகவே ஒரு ஆளுக்கு ஒரு பாண் என்று நான் சொல்லிக்கொடுப்பேன், புதியவர்களுக்கு உடனே விளங்கும். 3 நாளோடு உடல்வலுவின் கூட்டெண்ணைச் சேர்த்தால் வருகிற நாட்கள்வரை சாப்பிடாமல் இருக்கலாம். உடல்வலு 16 உள்ள வீரனுக்குக் கூட்டெண் 3, ஆகவே அது 6 நாள். ஏழாம் நாள் முடிவில் ஒரு படி களைப்பு, பிறகு நாளுக்கொரு படி, ஆறாம் படியில் சாவு. அதாவது பன்னிரண்டாம் நாள்.

இதில் ஒரு விஷயம் பாருங்கள். முதல் ஆறு நாளும் அந்த வீரனுக்கு எதுவுமே நடக்காது. ஒரு எண்கூட மாறாது. காலைமை பாண் தின்னாமல் வேலைக்குப் போன எவருக்கும் பதினொரு மணிக்கு என்ன நடக்கும் என்று தெரியும். சின்னக் கோபம் வரும். பக்கத்துக் கடையில் தாளிக்கிற மணம் மட்டும்தான் மூக்குக்குத் தெரியும். தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது, பசி, பட்டினி. விதிப்புத்தகம் பட்டினியை எழுதியிருக்கிறது, பசியை எழுதவில்லை. பசி மேசையில் இருப்பவர்களின் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

மார்ச் 24, ஞாயிறு

நோன்பு மாதம். எங்கள் மேசையில் பாலடின், அதாவது கடவுள்பக்தியுள்ள வீரன், விளையாடுகிற நண்பர் தெமட்டகொடையிலிருந்து வருகிறவர், நோன்போடுதான் வருகிறார். ஆறே காலுக்குப் பிறகு பாங்கு கேட்கும்வரை விளையாடி, அதன்பிறகு எல்லோரும் சேர்ந்து பேரீச்சம்பழம், கஞ்சி, ரோல்ஸ். இந்த மாதம் நாங்கள் மற்றவர்களும் அதுவரை கடிக்கிற சாமான் எதையும் மேசையில் வைப்பதில்லை. "நீங்க சாப்பிடுங்க, எனக்கு ஒண்டுமில்ல" என்று அவர் சொல்லித்தான் பார்த்தார்.

இந்த மோதிரக் கதையை அவரிடம் சொன்னேன். உடனே ஒன்று சொன்னார், எனக்கு இத்தனை வருடமும் தோன்றாத ஒன்று: "அப்ப என்ர பாலடின் இத போட்டா நோன்பு பிடிக்க ஏலாதே. பசிக்காத ஆளுக்கு என்ன நோன்பு?"

சரிதானே? என் பெரியம்மா கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். மோதிரம் போட்டுக்கொண்டு அந்த ஆறு நாளும் இருந்தால் பெரியம்மா எதை முருகனுக்குக் கொடுக்கிறா? கொடுப்பதற்கு அவவிடம் ஒன்றும் இருக்காது.

அரை மணித்தியாலம் விளையாட்டை நிறுத்தி இதையே கதைத்தோம். கடைசியில் எடுத்த முடிவு: கடவுளுக்கென்று விரதம் இருக்கிற கேரக்டர் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றினால் திரும்ப ஒரு கிழமை எடுக்கும். ஆகவே ஒரு நாள் விரதத்துக்கு எட்டு நாள் விலை. அந்த எட்டு நாளும் அவர் சாதாரண மனிதர், பசிக்கும், நித்திரை வரும், மற்றவர்களின் ரேஷனில் பங்கு கேட்க வேண்டும். விதியிலிருந்த அந்த ஒரு கிழமை எனக்கு எப்போதும் வெறும் தொந்தரவாகத்தான் பட்டது. இப்போது அந்தப் பொருளில் உள்ள மிக நல்ல வரி அதுதான் என்று படுகிறது.

ஏப்ரல் 2

இதை எழுதுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

2019இல் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. விழுங்க முடியவில்லை, விழுங்கினால் மூச்சுக்குழாய்க்குள் போகும் என்று மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டார்கள். மூன்று மணித்தியாலத்துக்கொரு தரம் கரைத்த பால்போன்ற ஒன்றை அளந்து அதற்குள் விடுவோம். அப்பாவின் நிறை குறையவில்லை. இரத்த அறிக்கைகள் நன்றாக இருந்தன. அந்தக் குழாய்தான் நான் நேரில் பார்த்த ரிங் ஒஃப் சஸ்டெனன்ஸ்.

முதல் கிழமை நானும் அக்காவும் சாப்பாட்டுப் பார்சலை வெளிவிறாந்தைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டோம். அவருக்கு முன்னால் சாப்பிடுவது பாவம் என்று நினைத்தோம். நாங்கள் எழும்புகிற ஒவ்வொரு தரமும் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பசியால் என்று எடுத்துக்கொண்டோம். அம்மா ஊரிலிருந்து வந்த அன்று இதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டா: "அந்த மனுசன்ர வீட்டில அவரைத் தனிய விட்டிட்டு எப்பவாவது சாப்பிட்டனீங்களோ?" பிறகு தன் கோப்பையைக் கொண்டுபோய் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தா. இண்டைக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி, தேங்காய்ப்பால் காணாது, இங்க தேங்காய் என்ன விலை தெரியுமோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டா. அப்பா திரும்பிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் சாப்பிட்டோம்.

ஆறு கிழமைக்குப் பிறகு விழுங்குவதைப் பரிசோதித்து, மசித்த பப்பாசிப்பழம் ஒரு கரண்டி கொடுக்கச் சொன்னார்கள். வாயில் வெகுநேரம் வைத்திருந்தார். விழுங்கினார். குளறிக் குளறி அவர் சொன்ன சொல் எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது: "இனிப்புக் காணாது."

குள்ள வீரன் காவலுக்குப் போனதை நான் டிஎம்மாக இருந்து விட்டுவிட்டேன். "நீ சாப்பிடாட்டியும் பரவாயில்லை, இதில இரு" என்று மற்றக் கேரக்டர்களில் ஒருவராவது சொல்ல நான் இடம் வைத்திருக்க வேண்டும். "சரி, காவலுக்குப் போறாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன். மோதிரம் பந்தியிலிருந்து எழும்பு என்று சொல்லவே இல்லை. எழுப்பியது நாங்கள்.

ஏப்ரல் 2, கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதில் பசி என்ற ஒன்றை நான் சரியாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு வயிறு நிறைந்திருந்தது, ஆனால் வாய் கேட்டது. மோதிரத்தின் விதி ஊட்டம் கிடைக்கும் என்று மட்டும் சொல்கிறது. ஆசை போய்விடும் என்று எங்கும் இல்லை. மணம் பிடிக்குமா, நாக்கு ஊறுமா, பெருநாள் வந்தால் அம்மாவின் கை நினைவு வருமா? எதையும் விதி தடுக்கவில்லை. மோதிரக்காரரை விளையாடுகிறவர்கள் இதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு சான்று இருக்கிறது. 1944, 45இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் நடத்திய ஆய்வு. போருக்குப் போக மனச்சாட்சி இடம்தராத 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடல்நிறையில் கிட்டத்தட்டக் காற்பங்கு போனது. அவர்களில் பலர் சமையல் புத்தகங்களை வாங்கி இரவிரவாக வாசித்தார்கள், சமையற்குறிப்புச் சேர்த்தார்கள், கிடைத்த சாப்பாட்டை மணிக்கணக்காக வைத்துத் தின்றார்கள். நண்பர்கள், காதல், அரசியல் எல்லாவற்றிலும் அக்கறை போய்விட்டது. இதுதான் பட்டினி ஒரு கேரக்டருக்குச் செய்வது. ஒரு படி களைப்பு என்று கேரக்டரின் கணக்கு எழுதுகிற ஷீட்டில் குறித்துவிட்டுப் போவதைவிட, "நீ இப்ப இரண்டு நாளாக வேற எதையும் யோசிக்கேல்லை" என்று விளையாடுபவரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஏப்ரல் 11

தமிழ்க் கதைகளில் இப்படி மந்திரப் பொருள் இல்லையா என்று கேட்டிருந்தார்கள். இருக்கிறது, எங்களுக்குக் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது.

மோதிரத்துக்கு மிகக் கிட்ட வருவது பலை, அதிபலை என்ற இரண்டு மந்திரங்கள். விசுவாமித்திரர் இராம இலக்குவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பசி, தாகம், களைப்பு எதுவும் வராது. தாடகையோடு சண்டைக்குப் போகிற வழியில், இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும். போர்ப்பயணத்துக்கான சாமான் அது, அரண்மனைக்கல்ல.

பாஞ்சாலியின் அட்சய பாத்திரம் வேறு மாதிரி. சூரியன் கொடுத்தது. எத்தனை பேர் வந்தாலும் போடும், ஆனால் அன்று பாஞ்சாலி சாப்பிட்டு முடிக்கும்வரைதான். அவள் சாப்பிட்ட பிறகு துருவாசர் சீடர்களோடு வந்துவிட, கண்ணன் பாத்திரத்தில் ஒட்டிக்கிடந்த ஒரு துணுக்கை வாயில் போட்டுக் காப்பாற்றின கதை உங்களுக்குத் தெரியும். விளையாட்டு விதியாக இதைப் பாருங்கள். நாள்முழுக்க அளவில்லை, ஆனால் முடிகிற நேரத்தை வீட்டுக்காரியின் வயிறு தீர்மானிக்கிறது. அவள் கடைசியில் சாப்பிடுவாள் என்ற வழக்கத்தின் மேலேயே அந்தப் பொருள் நிற்கிறது. நானும் ஒரு தரம் இதை அப்படியே மேசையில் வைத்தேன். பாத்திரத்தை வைத்திருந்த கேரக்டர் அகதிகள் வந்துகொண்டே இருக்க நடுச்சாமம்வரை பசியோடு பரிமாறினாள். அந்த இரவை எங்கள் ஆட்கள் இன்னும் கதைக்கிறார்கள்.

மணிமேகலையின் அமுதசுரபி இன்னும் எங்களுக்குக் கிட்ட. மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையிலிருந்து வைகாசிப் பௌர்ணமியில் மேலே வருகிறது. மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று பலர் கொள்கிறார்கள். அதற்கு முன் அது ஆபுத்திரனிடம் இருந்தது. வைத்திருப்பவருக்கே அது ஊட்டாது, அதனால் அவன் பட்டினி கிடந்து செத்தான்.

ஏப்ரல் 15

புத்தாண்டுக்கு ஊரிலிருந்து வந்த மாமா மேலே இருக்கிற கடைசி வரியைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். நான் எழுதியது பிழை. திருத்துகிறேன், திருத்தினால் கதை இன்னும் பெரிதாகிறது.

ஆபுத்திரன் மதுரையில் பிச்சையெடுத்து, குருடர் செவிடர் முடவர் எல்லோருக்கும் கொடுத்து, மிஞ்சியதைத் தின்று படுக்கிறவன். சிந்தாதேவி அவனுக்குப் பாத்திரத்தைக் கொடுத்தாள். அவன் ஊட்ட ஊட்ட இந்திரனுக்குப் பொறுக்கவில்லை. இந்திரன் என்ன செய்தான்? பாத்திரத்தைப் பறிக்கவில்லை. மழையைப் பெய்ய வைத்தான். நாடு விளைந்தது, யாருக்கும் பசி இல்லை, ஆபுத்திரனிடம் வருவதற்கு ஆளில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஆளில்லாத தீவு. கையில் வற்றாத பாத்திரம். எடுத்துத் தின்றிருக்கலாம், பாத்திரம் அவனைத் தடுக்கவில்லை. பல உயிரைக் காக்க வந்ததை வைத்து என் ஒரு உயிரை மட்டும் காப்பாற்றுவதா என்று பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விட்டான்.

பாத்திரத்தில் எந்தத் தடையும் இல்லை. தடை அவனிடம் இருந்தது. ஒரு டிஎம்மாக இதை வாசிக்க எனக்குப் பெரிய ஆறுதல். பொருளில் நான் எவ்வளவு நிபந்தனை வைத்தாலும், கடைசியில் அதை வைத்திருக்கிற ஆள் யார் என்பதைப் பொறுத்துத்தான் நடக்கிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்றைய விளையாட்டைப் பற்றி. மோதிரத்துக்குப் பதிலாக மந்திரக் கரண்டி ஒன்று கொடுத்துப் பார்த்தேன். மூன்றரைப் பதிப்பில் இருக்கிற பொருள். வெறும் கோப்பைக்குள் வைத்தால் கட்டியான கஞ்சி நிரம்பும், நாளுக்கு நாலு பேருக்குப் போதும், நல்ல சத்து. சுவை மட்டும் சூடான ஈரக் கடதாசி மட்டையின் சுவை, விதியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. விலை 5,400.

எனக்கிருந்த பயம் என்னவென்றால் மோதிரத்தைப் போலவே சாப்பாடு விளையாட்டிலிருந்து மறைந்துவிடும் என்பது. நேர்மாறாக நடந்தது. இரண்டாம் நாளே குழுவில் கலகம். மூன்றாம் நாள் ஒரு மீன்பிடிக் கிராமத்துக்குள் போனார்கள், நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த பேய்வீட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கருவாடு எங்கே வாங்கலாம், மிளகு இருக்கிறதா, தேசிக்காய் என்ன விலை. திருடன் ஒரு ஊறுகாய்ச் சாடியைக் களவெடுத்தான், அதிலிருந்து ஒரு முழு அத்தியாயம் பிறந்தது. பாலடின் கிழவி ஒருத்திக்குத் தண்ணி அள்ளிக் கொடுத்துவிட்டுக் கூலியாக ஒரு பிடி உப்புக் கேட்டார். குழுவில் இருப்பது ஐந்து பேர், கஞ்சி நாலு பேருக்கு. அந்த ஐந்தாம் பங்கை ஒவ்வொரு நாளும் யார் விடுவது என்பதிலேயே அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள்.

முதல் கேள்வி கேட்டவருக்கு: உங்கள் டிஎம்மிடம் மோதிரத்தை இந்தக் கரண்டிக்கு மாற்றித்தரக் கேட்டுப் பாருங்கள். ரேஷன் எழுத வேண்டியதில்லை. உங்கள் நாலு பேருக்கும் அளவாகவும் இருக்கும்.

மே 5

நான் மோதிரத்துக்கு மட்டும் எதிரி போல எழுதிக்கொண்டு போகிறேன், ஆகவே 2022ஐயும் எழுத வேண்டும்.

அந்த வருடம் மார்ச் கடைசியில் கொழும்பில் மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை போனது. காஸ் சிலிண்டரை வீதியோரம் வரிசையில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தோம். பால்மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. எங்கள் மாடிவீட்டின் பின்பக்கத்தில் நாலு குடும்பம் சேர்ந்து விறகடுப்பு மூட்டினது. அப்போதும் ஞாயிறு விளையாட்டை விடவில்லை, மெழுகுதிரி வைத்து விளையாடினோம். நான் அந்த நேரம் பார்த்துப் பாலைவனப் பயணம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன், தண்ணீர் கலன் கணக்கில், சாப்பாடு இறாத்தல் கணக்கில். இரண்டாம் கிழமை அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா: "இங்கயும் கியூவோ?"

அன்றே பாலைவனத்தில் ஒரு செத்த வியாபாரியின் பையில் ஐந்து மோதிரம் கண்டெடுத்தார்கள். ஒருவரும் காவலுக்கு எழும்பிப் போகவில்லை. எல்லோரும் தீயைச் சுற்றி இருந்து கதைத்தார்கள், ஏனென்றால் மேசையில் உண்மையாகவே எல்லோரும் ஒரு பாணைப் பிய்த்துச் சம்பலோடு தின்றுகொண்டிருந்தோம். மோதிரம் அந்த மாதம் ஒரு இரக்கம். இனியும் அப்படி ஒரு காலம் வந்தால் தயங்காமல் கொடுப்பேன்.

மே 12

தனியாக எழுதிய ஒரு வாசகி. சாப்பாடு அவவுக்கு வாழ்க்கையில் வருடக்கணக்காகப் போராட்டம், வைத்தியமும் நடக்கிறது. விளையாட்டில் மோதிரம் போட்ட சூனியக்காரியாக இருக்கிற அந்த மூன்று மணித்தியாலமும்தான் கிழமையில் அதைப்பற்றி நினைக்காத நேரம் என்று எழுதியிருக்கிறா. அனுமதி கேட்டுத்தான் இங்கே சொல்கிறேன். பந்தி பந்தி என்று நான் எழுதியது அவவைச் சுட்டிருக்கும். மார்ச்சில் எழுதியதை மாற்றவில்லை, ஆனால் அதற்கு முன்னால் ஒரு வரி இருக்க வேண்டும்: மோதிரத்தை ஏன் வாங்குகிறீர்கள் என்று ஆளிடம் தனியாகக் கேளுங்கள், மேசையில் எல்லோருக்கும் முன்னால் கேட்க வேண்டாம்.

மே 24

நேற்று வெசாக். பின்னேரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு காலி வீதிக்குப் போனேன். ஊன்றுகோலோடு மெதுவாக நடப்பார். தன்சல்கள், அதாவது இலவசச் சாப்பாட்டுப் பந்தல்கள், வரிசையாக, ஓரிடத்தில் சோறு, ஓரிடத்தில் கடலை, அங்கால் ஐஸ்கிரீம். கார்களை மறித்துக் கையில் திணிக்கிறார்கள். வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனோம். வரிசையில் நின்ற முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். ஆனாலும் நின்றோம், வாங்கினோம், தின்றோம். அவித்த கடலை அப்பாவுக்குக் கஷ்டம், மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகத் தின்றார். "உறைப்புக் காணாது" என்று கொடுத்த பொடியனிடமே சொன்னார். பொடியனுக்குத் தமிழ் தெரியாது, இன்னும் ஒரு கரண்டி போட்டான்.

வைகாசிப் பௌர்ணமி என்பது திரும்பி நடந்துவரும்போதுதான் எனக்குத் தைத்தது. கோமுகியிலிருந்து பாத்திரம் மேலே வருகிற நாள்.

இதை ஞாயிறு விளையாட்டில் வைக்கப் போகிறேன். வருடத்தில் ஒரு நாள் ஊர் முழுக்கச் சமைத்து வழிப்போக்கரை மறித்து ஊட்டுகிற ஒரு துறைமுகம். மழை நன்றாகப் பெய்து எல்லோர் வீட்டிலும் நெல் இருக்கிற வருடம், பசித்தவர் ஒருவரும் இல்லை. எங்கள் குள்ள வீரன் பழைய மோதிரத்தோடு அந்த வழியால் வருகிறான். தம்பியிடம் கேட்டேன், அந்த ஷீட்டை இன்னும் வைத்திருக்கிறான்.

மே 25

"மோதிரம் போட்டவர் சாப்பிட்டால் அந்தச் சாப்பாடு எங்கே போகும்? வயிறு வெடிக்காதோ?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வெடிக்காது. மோதிரம் சாப்பாட்டைத் தேவையில்லாமல் ஆக்குகிறது, தடை செய்யவில்லை. எங்கள் மேசையில் நான் சொல்கிற விதி: எவ்வளவும் தின்னலாம், எல்லோரையும் போலச் செமிக்கும், சுவை முழுதாகத் தெரியும். தம்பியும் நேற்றிரவு இதையேதான் கேட்டு எழுதினான். அதோடு இன்னொன்றும் கேட்டான், மதகுருவின் தங்கைக்கு என்ன பெயர் வைத்திருந்தோம் என்று. பழைய கொப்பியில் தேடிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு நாலு மணி. கடலை நான் அவிக்கிறேன், உறைப்பாக.